உடல் எடைக் குறைப்பு

உடல் எடைக் குறைப்பு என்பது உடலில் தேவைக்கு மிகுதியாகச் சேர்ந்துள்ள கொழுப்பை உணவு முறையாலும் உடற்பயிற்சியாலும் திட்டமிட்டுக் குறைத்தலைக் குறிக்கும். சில வேளைகளில் இதற்கு மருந்துகளும் அறுவை மருத்துவமும் துணையாகக் கொள்ளப்படுகின்றன. காசநோய், கட்டுப்பாடற்ற நீரிழிவு, புற்றுநோய், கேடயச் சுரப்பி மிகைச் செயல்பாடு போன்றவற்றால் ஒருவர் விரும்பாமலே எடை குறைவது இதனின்று முற்றிலும் வேறானது. அது நோயின் அறிகுறியாகும்.

தமிழ்நாட்டில் இது இன்று பொதுநலம் சார்ந்த ஒரு பெரிய வினாவாக உள்ளது. 2015-16 தேசிய குடும்பநல ஆய்வின்படி இம்மாநிலத்தில் 30.9 விழுக்காடு பெண்களும் 28.2 விழுக்காடு ஆண்களும் மிகை எடை அல்லது உடற்பருமன் உடையவர்களாக இருந்தனர். அடுத்த ஆய்வில் (2019-21) இவ்வளவு முறையே 40.4 ஆகவும் 37.0 ஆகவும் உயர்ந்தது. நீரிழிவு, உயர் குருதி அழுத்தம், மாரடைப்பு, கொழுப்புக் கல்லீரல், முழங்கால் மூட்டுத் தேய்வு ஆகியவற்றுக்கு மிகை எடை ஒரு முதன்மைக் காரணியாகும்.

அளவிடும் முறைகள்

மிகை எடையை மதிப்பிடப் பரவலாகப் பயன்படுவது உடல் நிறைச் சுட்டெண் ஆகும். கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் இருபடியால் வகுத்தால் இது கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 1.60 மீட்டர் உயரமும் 64 கிலோகிராம் எடையும் உடைய ஒருவரின் சுட்டெண் 64 ÷ 2.56 = 25 ஆகும்.

உலக நலவாழ்வு அமைப்பு 25 முதல் மிகை எடை என்றும் 30 முதல் உடற்பருமன் என்றும் வகுத்துள்ளது. தெற்காசியருக்கு இதைவிடக் குறைந்த சுட்டெண்ணிலேயே நீரிழிவும் இதய நோயும் தோன்றுவதால், 2009ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ வல்லுநர்கள் 23 முதல் மிகை எடை என்றும் 25 முதல் உடற்பருமன் என்றும் வரையறுத்தனர். இதன்படி 1.60 மீட்டர் உயரமுள்ள ஒருவர் ஏறத்தாழ 59 கிலோகிராமைத் தாண்டும்போதே கவனம் கொள்ள வேண்டியவராகிறார்.

இடுப்புச் சுற்றளவு மற்றோர் அளவாகும். இந்தியரில் ஆண்களுக்கு 90 செண்டிமீட்டரும் பெண்களுக்கு 80 செண்டிமீட்டரும் எல்லையாகக் கொள்ளப்படுகின்றன. தையற்காரர் பயன்படுத்தும் அளவு நாடாவைக் கொண்டே இதை வீட்டில் அளக்கலாம். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்கு மிகாமல் இருத்தல் வேண்டும் என்பது நினைவிற்கொள்ள எளிய விதியாகும்.

மெலிந்த தோற்றமும் மிகுந்த கொழுப்பும்

புனே நகரைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், இலண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின் ஆகிய இருவரும் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டனர். இருவரின் உடல் நிறைச் சுட்டெண்ணும் 22.3 தான். ஆயினும் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடாகவும், யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடாகவும் இருந்தன. இந்தியர்களுக்கு ஒரே எடையில் தசை குறைவாகவும் கொழுப்பு, குறிப்பாக வயிற்றுக் கொழுப்பு, மிகுதியாகவும் இருப்பதை இது எடுத்துக்காட்டியது.

இதனால் எடைக் குறைப்பின் உண்மையான நோக்கம் எடைப்பொறி காட்டும் எண்ணைக் குறைப்பது மட்டுமன்று. தசையைக் காத்துக்கொண்டு கொழுப்பைக் குறைப்பதே ஆகும்.

எடை கூடுவதற்கான காரணங்கள்

உண்ணும் ஆற்றல் செலவிடும் ஆற்றலைவிட நெடுநாள் மிகுந்திருப்பதே எடை கூடுவதன் அடிப்படை. இந்நிலையை மரபணு, தூக்கக் குறைவு, மன அழுத்தம், கேடயச் சுரப்பிக் குறைபாடு, சினைப்பை நீர்க்கட்டி நோய், ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் ஆகியவையும் தூண்டுகின்றன.

உடற்பருமன் நகரத்தாரின் நோய் என்னும் கருத்து இன்று பொருந்தாது. 1985 முதல் 2017 வரையிலான தரவுகளை ஆராய்ந்து 2019இல் நேச்சர் இதழில் வெளியான பன்னாட்டு ஆய்வு, உலகின் சராசரி உடல் நிறைச் சுட்டெண் உயர்ந்ததில் 55 விழுக்காட்டுக்கும் மேலான பங்கு ஊரகப் பகுதிகளுடையது எனக் கண்டறிந்தது.

கடலூர் மாவட்டத்தின் மேற்கில் வெள்ளாற்றங்கரையில் அமைந்த திட்டக்குடி போன்ற வேளாண் வட்டங்களில் இம்மாற்றத்தின் போக்கைக் காணலாம். வெலிங்டன் நீர்த்தேக்கப் பாசனத்தில் நெல் விளையும் இப்பகுதியில், முன்னர் கம்பும் வரகும் விளைந்த மானாவாரி நிலங்களில் இன்று மக்காச்சோளம் பெரிதும் பயிராகிறது. அது பெரும்பாலும் கோழித் தீவனமாகச் செல்கிறது. வீட்டு அடுப்புக்கு வருவதில்லை. ஏர் உழவின் இடத்தை டிராக்டரும், கதிர் அறுப்பின் இடத்தை அறுவடை இயந்திரமும், மிதிவண்டியின் இடத்தை மோட்டார் சைக்கிளும் பிடித்துள்ளன. 2011 ஜூன் 1 முதல் தமிழ்நாட்டின் பொது வினியோகத் திட்டத்தில் அரிசி விலையின்றி வழங்கப்பட்டு வருகிறது. இத்திட்டம் பசியைப் போக்கியதில் பெரும் பங்காற்றியுள்ளது. எனினும் உடல் உழைப்பு குறைந்த பின்னரும் உழைப்பாளிக்குரிய சோற்றின் அளவு மாறாதிருப்பது எடை கூட வழி செய்கிறது.

ஆற்றல் கணக்கு

ஒரு கிலோகிராம் உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கிலோகலோரி ஆற்றலைக் கொண்டுள்ளது. நாளொன்றுக்கு 500 கிலோகலோரி குறைத்தால் வாரத்திற்கு 3,500 கிலோகலோரி குறையும். அதாவது ஏறத்தாழ 450 கிராம் கொழுப்புக் குறையலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வாரத்திற்கு அரை கிலோகிராம் அளவிலான குறைப்பையே பாதுகாப்பானதாகக் கருதுகிறது. எடைக் குறைப்பு உணவு நாளொன்றுக்கு 1,000 கிலோகலோரிக்குக் குறையக்கூடாது எனவும் அறிவுறுத்துகிறது.

இக்கணக்கு நெடுநாளைக்கு அப்படியே பொருந்துவதில்லை. உடல் சிறுத்ததும் அதற்குத் தேவைப்படும் ஆற்றலும் குறைகிறது. பசியைத் தூண்டும் இயக்குநீர்களும் மிகுகின்றன. எனவே முதல் சில மாதங்களுக்குப் பின் எடை குறையும் வேகம் தளர்வது இயல்பே. அது முயற்சியின் தோல்வி அன்று.

முதல் வாரத்தில் இரண்டு, மூன்று கிலோகிராம் குறைந்தால் அதில் பெரும்பகுதி நீரேயாகும். கல்லீரலிலும் தசையிலும் சேமிக்கப்பட்டுள்ள கிளைக்கோசன் தன்னுடன் நீரையும் பிணைத்து வைத்திருப்பதால், அது செலவாகும்போது நீரும் வெளியேறுகிறது.

தொடக்க எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே குருதி அழுத்தம், குருதிச் சர்க்கரை, கொழுப்பு அளவுகள் ஆகியவற்றில் நன்மை தெரிகிறது. 80 கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு 5 விழுக்காடு என்பது 4 கிலோகிராம். இது ஏறத்தாழ இரண்டு மாதங்களில் எட்டக்கூடிய இலக்காகும்.

உணவு முறை

தமிழரின் வழக்கமான உணவில் சோறு, இட்லி, தோசை ஆகிய அரிசி உணவுகளே முதலிடம் பெறுகின்றன. சென்னையில் நடைபெற்ற நகர்ப்புற ஊரக நோய்ப்பரவல் ஆய்வு, மக்கள் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ பாதி தீட்டிய தானியங்களிலிருந்தே வருவதாகவும், அவற்றுள் வெள்ளை அரிசியே பெரும்பங்கு எனவும் காட்டியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடத்தப்பட்டு 2025இல் வெளியான ஆய்வும், இந்தியர் உண்ணும் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து கிடைப்பதாகவும் புரதம் குறைவாக உள்ளதாகவும் தெரிவித்தது.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், 2,000 கிலோகலோரி தேவைப்படும் ஒருவருக்கு நாளொன்றுக்குப் பின்வரும் அளவுகள் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. தானியமும் பருப்பும் சமைக்காத நிலையில் உள்ள எடையாகும்.

• தானியங்கள் - 250 கிராம்
• பருப்பு வகைகள் - 85 கிராம்
• காய்கறிகள், கீரைகள் - 400 கிராம்
• பழங்கள் - 100 கிராம்
• பால் அல்லது தயிர் - 300 மில்லிலிட்டர்
• கொட்டைகள், எண்ணெய் வித்துகள் - 35 கிராம்
• எண்ணெய், நெய் - 27 கிராம்

எடை குறைக்க விரும்புவோர் இவ்விகிதத்தைப் பேணியவாறே தானியம், எண்ணெய், சர்க்கரை ஆகியவற்றை முதலில் குறைப்பது பொருத்தமானது. தட்டின் பாதியைப் பொரியல், கூட்டு, கீரை, பழம் ஆகியவையும், கால் பகுதியைப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் போன்ற புரத உணவும், எஞ்சிய கால் பகுதியைச் சோறும் நிரப்புவது எளிய நடைமுறையாகும். சோற்றைக் குவித்து அதன்மேல் சாம்பாரும் ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியலும் வைக்கும் வழக்கத்தை இது தலைகீழாக்குகிறது.

சிறுதானியங்கள்

சிறுதானியம் உண்டால் எடை தானாகக் குறையும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. தீட்டிய அரிசி, கேழ்வரகு, கம்பு, வரகு ஆகிய அனைத்தும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 320 முதல் 360 கிலோகலோரி ஆற்றலைத் தருகின்றன. எனவே ஆற்றலில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு நார்ச்சத்தில் உள்ளது. தீட்டிய அரிசியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 3 கிராம் நார்ச்சத்து இருக்க, கேழ்வரகிலும் கம்பிலும் 11 கிராம் அளவில் உள்ளது. நார்ச்சத்து வயிறு நிறைந்த உணர்வைத் தருவதால் உண்ணும் அளவு குறைகிறது. கம்பங்கூழ், கேழ்வரகுக் களி ஆகியவற்றின் பயன் இதுவே. அளவின்றி உண்டால் களியும் எடையைக் கூட்டும். தவிடு நீங்கத் தீட்டிய சிறுதானியத்தில் இப்பயனும் குறைகிறது.

எண்ணெயும் சர்க்கரையும்

ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 120 கிலோகலோரி தருகிறது. எந்த எண்ணெயாயினும், நெய்யாயினும், இவ்வளவு ஏறத்தாழ ஒன்றே. ஒரு தேக்கரண்டி சர்க்கரை (5 கிராம்) 20 கிலோகலோரி தருகிறது. நாளொன்றுக்கு மூன்று முறை, இரண்டு தேக்கரண்டி சர்க்கரையிட்ட தேநீர் அருந்துபவர் 30 கிராம் சர்க்கரையை, அதாவது 120 கிலோகலோரியை, அறியாமலே பெறுகிறார். சேர்க்கப்படும் சர்க்கரையிலிருந்து வரும் ஆற்றல் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்கு மிகாமலும், இயன்றால் 5 விழுக்காட்டுக்குள்ளும் இருக்க வேண்டும் என உலக நலவாழ்வு அமைப்பு பரிந்துரைக்கிறது. நாட்டுச் சர்க்கரை, வெல்லம், தேன் ஆகியவையும் இக்கணக்கில் அடங்கும்.

புரதம்

எடை குறையும்போது கொழுப்புடன் தசையும் கரைகிறது. போதிய புரதமும் தசை வலுவூட்டும் பயிற்சியும் இவ்விழப்பைக் குறைக்கின்றன. ஒரு கிலோகிராம் உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் இந்தியப் பரிந்துரையாகும். 60 கிலோகிராம் எடையுள்ளவருக்கு இது 50 கிராம். பருப்பு, கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, மொச்சை, நிலக்கடலை, தயிர், முட்டை, மீன் ஆகியவை மலிவாகக் கிடைக்கும் புரத உணவுகள். நீர்த்த சாம்பாரில் பருப்பு மிகக் குறைவாகவே இருக்கும் என்பதால் அதை மட்டும் நம்பியிருக்க இயலாது.

உடற்பயிற்சி

உலக நலவாழ்வு அமைப்பின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சியோ, 75 முதல் 150 நிமிடங்கள் கடுமையான பயிற்சியோ செய்ய வேண்டும். வாரத்தில் இரண்டு நாட்களேனும் தசை வலுவூட்டும் பயிற்சி தேவை. பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவில் மூச்சு வாங்க நடப்பது மிதமான பயிற்சிக்கு அடையாளமாகும்.

70 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால் ஏறத்தாழ 120 கிலோகலோரி செலவாகும். மேற்கூறிய ஒரு மேசைக்கரண்டி எண்ணெயோ மூன்று தேநீரின் சர்க்கரையோ இதற்கு ஈடாகிவிடும். ஆகவே உணவை மாற்றாமல் நடைப்பயிற்சியால் மட்டும் எடை குறைப்பது கடினம். ஆயினும் உடற்பயிற்சி இன்சுலின் செயல்பாட்டை மேம்படுத்துகிறது, தசையைக் காக்கிறது, குறைத்த எடை திரும்பாமல் தடுக்க உதவுகிறது.

தண்டால், உட்கார்ந்து எழுதல், படி ஏறுதல், நீர்க்குடம் அல்லது மணல் பை தூக்குதல் போன்றவை உடற்பயிற்சிக் கூடம் இல்லாத சிற்றூர்களிலும் செய்யக்கூடிய வலுவூட்டும் பயிற்சிகளாகும். வயல் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் செலவாகும் ஆற்றலும் கணக்கில் சேரும்.

சென்னை ஆய்வுகள்

உணவு, உடற்பயிற்சி மாற்றங்களால் நோயைத் தடுக்க இயலுமா என்பது குறித்துச் சென்னையில் நடந்த ஆய்வுகள் உலக அளவில் மேற்கோள் காட்டப்படுகின்றன.

மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையிலான இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்ட ஆய்வு 2006இல் வெளியானது. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேர் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். மூன்று ஆண்டுகளில், பொதுவான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் 55.0 விழுக்காட்டினருக்கு நீரிழிவு ஏற்பட்டது. உணவு, நடைப்பயிற்சி மாற்றங்களைப் பின்பற்றிய குழுவில் இது 39.3 விழுக்காடாகவும், மெட்ஃபார்மின் மருந்து பெற்ற குழுவில் 40.5 விழுக்காடாகவும் இருந்தது. இரண்டையும் ஒருங்கே பெற்ற குழுவில் 39.5 விழுக்காடு, கூடுதல் பயன் ஏதுமில்லை. வாழ்க்கைமுறையை மாற்றியவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையாதபோதும் இந்நன்மை கிட்டியது என்பதே இவ்வாய்வின் முக்கியமான முடிவு. எடைப்பொறியின் எண் அசையவில்லை என்பதற்காக நடைப்பயிற்சியைக் கைவிடுவது தவறு என்பதை இது உணர்த்துகிறது.

அதே குழுவினர் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 537 ஆண்களுக்குக் கைபேசிக் குறுஞ்செய்தி வழியாக உணவு, உடற்பயிற்சி அறிவுரைகளை அனுப்பி நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. இரண்டு ஆண்டுகளில் குறுஞ்செய்தி பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு ஏற்பட்டது.

மதராசு நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்துடன் இணைந்து நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. மிகை எடையுடைய 578 பேர் பங்குபெற்ற இதில் 7 விழுக்காடு எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் இலக்குகளாக இருந்தன. தேவைப்பட்டோருக்கு மெட்ஃபார்மினும் சேர்க்கப்பட்டது. மூன்று ஆண்டுகளில் ஒப்பீட்டுக் குழுவில் 34.9 விழுக்காட்டினருக்கும், பயிற்சி பெற்ற குழுவில் 25.7 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு ஏற்பட்டது.

குறைத்த எடையைத் தக்கவைத்தல்

எடையைக் குறைப்பதைவிடக் குறைத்த எடையைத் தக்கவைப்பது கடினம். அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் மிக விரைவாக எடை குறைத்த 14 பேரை ஆறு ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களில் பெரும்பாலோரின் எடை பெருமளவு திரும்பியிருந்தது. ஓய்வு நிலையில் அவர்கள் செலவிடும் ஆற்றல், எதிர்பார்க்கப்பட்டதைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கிலோகலோரி குறைவாகவே இருந்தது.

வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் எடை பார்த்துக் குறித்தல், நாள்தோறும் நடத்தல், நேரம் தவறாமல் உண்ணல், போதிய தூக்கம் ஆகியவை எடையைத் தக்கவைக்க உதவும் பழக்கங்களாகும். வாழ்நாள் முழுவதும் கடைப்பிடிக்க இயலாத உணவுமுறை நிலையான பயனைத் தருவதில்லை. வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனியாகச் சமைப்பதைவிடக் குடும்பம் முழுவதும் எண்ணெயையும் சர்க்கரையையும் குறைப்பது நடைமுறைக்கு ஏற்றது.

பரவலான தவறான கருத்துகள்

• வியர்த்தால் கொழுப்புக் கரையும் - வியர்வையில் வெளியேறுவது நீரும் உப்பும் ஆகும்; நீர் அருந்தியதும் எடை திரும்பிவிடும்.
• வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் கொழுப்பைக் கரைக்கும் - ஒரு மேசைக்கரண்டித் தேன் ஏறத்தாழ 60 கிலோகலோரி தருகிறது. கொழுப்பைக் கரைக்கும் ஆற்றல் அதற்கு இல்லை.
• வயிற்றுப் பயிற்சி வயிற்றுக் கொழுப்பைக் குறைக்கும் - பயிற்சி அவ்விடத்துத் தசையை வலுவாக்கும். கொழுப்பு உடல் முழுவதிலிருந்தும் குறைகிறது.
• காலை உணவைத் தவிர்த்தால் எடை குறையும் - நாளின் மொத்த அளவு குறையாவிடில் பயனில்லை. பசி மிகுந்து பிற்பகலில் வடை, பஜ்ஜி உண்ணத் தூண்டலாம்.

தீங்கான முறைகள்

கடும் பட்டினி, பல வாரங்களுக்குப் பழச்சாறு மட்டும் அருந்துதல், ஒரே உணவை உண்ணுதல், பேதி மருந்து, சிறுநீர் பெருக்கி ஆகியவற்றைப் பயன்படுத்துதல் போன்றவை உயிருக்குத் தீங்கானவை. இவற்றால் குருதியில் சோடியம், பொட்டாசியம் அளவுகள் மாறி இதயத் துடிப்புச் சீர்கெடலாம். மிக விரைவான எடைக் குறைப்புப் பித்தப்பைக் கல்லுக்கும் முடி உதிர்வுக்கும் காரணமாகிறது. இணையக் காணொளிகளைப் பார்த்து மருத்துவ மேற்பார்வையின்றிக் கடும் உணவுக் கட்டுப்பாட்டை மேற்கொண்ட இளைஞர்கள் உயிரிழந்ததாகத் தமிழகத்திலும் கேரளத்திலும் 2025ஆம் ஆண்டில் செய்திகள் வெளியாயின. நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் வெங்காரத்தை எடை குறைக்க உட்கொள்வது நஞ்சாகும்.

தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குருதிச்சோகை உடையவர்கள். ஆகவே கீரை, பயறு, முட்டை போன்ற இரும்புச்சத்து உணவுகளைக் குறைத்து எடை குறைப்பது அவர்களுக்கு இரட்டைக் கேடாகும்.

எடை குறைக்கும் மருந்துகளின் வரலாறும் எச்சரிக்கை தருவதாகவே உள்ளது. 1930களில் அமெரிக்காவில் பரவிய டைநைட்ரோபீனால், உடல் வெப்பத்தை உயர்த்திப் பலரைக் கொன்றதால் 1938இல் விலக்கப்பட்டது. ஃபென்ஃபுளூரமின் இதயத் தடுக்கிதழ்களைப் பாதித்ததால் 1997இல் திரும்பப் பெறப்பட்டது. சிபுட்ரமின் இதயநோய் இடரால் இந்தியாவில் 2011இல் தடை செய்யப்பட்டது.

மருந்தும் அறுவை மருத்துவமும்

குடல் இயக்குநீரைப் போலச் செயல்பட்டுப் பசியைக் குறைக்கும் டிர்செபடைடு, செமகுளுடைடு ஆகிய ஊசி மருந்துகள் எடைக் குறைப்புக்காக 2025இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. இவை மருத்துவர் பரிந்துரையின் பேரில் மட்டுமே பயன்படுத்தத் தக்கவை. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் ஆகியவை பக்கவிளைவுகளாகும். மருந்தை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்புகிறது. மிகுந்த உடற்பருமன் உடையவர்களுக்கு இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை மருத்துவம் செய்யப்படுகிறது. இவ்விரண்டிலும் உணவு, உடற்பயிற்சி மாற்றங்கள் தொடர வேண்டும்.

மருத்துவ ஆலோசனை தேவைப்படுவோர்

கருவுற்ற பெண்கள் எடை குறைக்க முயலக்கூடாது. பாலூட்டும் தாய்மார், வளரும் சிறுவர், முதியோர், சிறுநீரக நோய், இதய நோய் உள்ளோர் ஆகியோர் மருத்துவரை அணுகிய பின்னரே தொடங்க வேண்டும். இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர்கள் உணவைக் குறைக்கும்போது குருதிச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். எனவே மருந்தின் அளவை மருத்துவர் மாற்றியமைக்க வேண்டியிருக்கும். நடக்கும்போது நெஞ்சு வலி, மயக்கம் ஏற்பட்டால் பயிற்சியை உடனே நிறுத்துதல் வேண்டும்.

அரசு முயற்சிகள்

தமிழ்நாடு அரசு 2021 ஆகத்து 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கி, நீரிழிவு, உயர் குருதி அழுத்தம் ஆகியவற்றுக்கான பரிசோதனையையும் மருந்துகளையும் வீடுகளுக்கே கொண்டு சென்றது. 2023 நவம்பர் 4 அன்று தொடங்கப்பட்ட நடப்போம் நலம் பெறுவோம் திட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் தெரிவு செய்யப்பட்டன. அதே ஆண்டில் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் நியாய விலைக் கடைகள் மூலம் அரிசிக்கு மாற்றாகக் கேழ்வரகு வழங்குவதும் தொடங்கியது.

இவற்றையும் பார்க்க

• உடற்பருமன்
• உடல் நிறைச் சுட்டெண்
• நீரிழிவு நோய்
• சிறுதானியங்கள்
• நடைப்பயிற்சி